பதினான்காம் பக்கத்தில் பேப்பர் கப்

அண்ணாச்சி இருபது வருஷம் விமானப்படையில் வேலை பார்த்தவர். ஊர் ஊராகச் சுற்றி, கடைசிப் போஸ்டிங் புனே லோஹேகாவில். ஓய்வு பெற்றதும் திருநெல்வேலிக்குத் திரும்பவில்லை. பிள்ளைகள் படிப்பு இங்கேயே வேர்விட்டுவிட்டது. கையில் ஓய்வுப் பணம், மனசில் இட்லி. "தம்பி, இந்த ஊர்ல சாம்பாருக்கு வெல்லம் போடுதான். பொறுக்கல. நாம ஒரு கடை போட்டுருவோம்" என்றார்.

கடை போடக் கிரைண்டரும் தோசைக்கல்லும் இருந்தால் போதும் என்று நினைத்த மனிதர் அவர். வங்கியில்தான் தெளிவாக்கினார்கள்: முதலில் வேண்டியது 42 பக்கத்தில் ஒரு ப்ராஜெக்ட் ரிப்போர்ட். அதை எழுதித்தர ஆள் இருக்கிறார், அந்த ஆளின் விசிட்டிங் கார்டும் வங்கி மேஜையிலேயே இருக்கிறது.

கடன் கிடைத்த பிறகுதான் அந்த அறிக்கை என் கைக்கு வந்தது. "நீ எழுதுறவனாச்சே, இதுல என்னதான் எழுதிருக்குன்னு பாத்துச் சொல்லு" என்றார். பார்த்தேன். முகப்பில் நல்ல இலை போட்டுச் சாப்பாட்டுப் படம். உள்ளே "தென்னிந்திய உணவகம்" என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் கொட்டை எழுத்தில். பதினான்காம் பக்கத்தில் மட்டும் ஒரு வரி: "தினசரி உற்பத்தி 40,000 பேப்பர் கப்." யாரோ ஒரு பேப்பர் கப் தொழில்முனைவோருக்குச் சுட்ட பழைய தோசையையே திருப்பிப் போட்டிருக்கிறார்கள். திருப்பும்போது ஒரு ஓரம் கல்லில் ஒட்டிக்கொண்டுவிட்டது.

அந்தப் பக்கத்தின் கீழே வங்கி முத்திரையும் இருந்தது, அதிகாரியின் கையெழுத்தும் இருந்தது.

எழுதியவர் வாசிக்கவில்லை, வாங்கியவர் வாசிக்கவில்லை, கையெழுத்துப் போட்டவரும் வாசிக்கவில்லை. ஆனாலும் இந்த 42 பக்கம் இல்லாமல் இந்த நாட்டில் ஒருவன் ஒரு கப் டீ ஆற்ற முடியாது. இதற்குப் பெயர் வணிகத் திட்டம். கிராமத்தில் குறி சொல்பவர் கொஞ்சம் நேர்மையானவர். உங்கள் முகத்தையாவது பார்த்துவிட்டுச் சொல்வார்.

அறிக்கையின் உயிர் இருப்பது கடைசி அட்டவணையில். டி.எஸ்.சி.ஆர். என்று ஒரு எண். கட்ட வேண்டிய தவணையைப் போல எத்தனை மடங்கு பணம் கையில் வரும் என்பதைக் காட்டும் விகிதம். ஒன்றரைக்குப் பக்கத்தில் இருந்தால் வங்கிக்கு மனம் குளிரும். ஆகவே கணக்கு எங்கிருந்து தொடங்குகிறது? விடையிலிருந்து. ஒன்றரை வர வேண்டுமானால் லாபம் இவ்வளவு, லாபம் இவ்வளவு வர வேண்டுமானால் விற்பனை இவ்வளவு, விற்பனை இவ்வளவு வர வேண்டுமானால் அண்ணாச்சியின் 32 நாற்காலியும் நாளுக்கு ஐந்து முறை நிரம்ப வேண்டும். நிரம்பட்டும் என்று எழுதிவிட்டார்கள். முதல் வருஷம் கொள்ளளவில் அறுபது சதவீதம், அடுத்த வருஷம் எழுபது, அதற்கடுத்து எண்பது. பள்ளிக்கூடத்தில் விடையைப் பார்த்துக் கணக்குப் போட்டால் பிரம்படி. ஆடிட்டர் போட்டால் அதற்கு ப்ரொஜெக்‌ஷன் என்று பெயர், கட்டணமும் உண்டு.

சந்தை ஆய்வு என்ற அத்தியாயம் இன்னும் அருமை. "சர்வதேச விமான நிலையத்துக்கு மிக அருகில். ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு கோடிப் பயணிகள்." பொய் சொல்லவே இல்லை. அந்தப் பயணிகள் அத்தனை பேரும் அண்ணாச்சி கடை வழியாகத்தான் போகிறார்கள், நேர் மேலே. விமானம் தாழப் பறக்கும்போது டேபிளில் டம்ளர் ஆடும். அதில் ஒருவர்கூட இறங்கிவந்து ரவா தோசை கேட்டதில்லை.

அந்தப் பயணிக்கு நிலையத்துக்குள்ளே என்ன நடக்கிறது என்பது தனிக்கதை. விமான நிலையத்துக்குள் கடை வைக்கிறவர் மாதாமாதம் குறைந்தபட்ச உத்தரவாதத் தொகையும், விற்பனையில் பங்கும் கட்ட வேண்டும் என்று டெண்டர் போட்டதும் அரசு நிறுவனம்தான். அதன் விளைவாக டீ விலை விமானத்துக்கு முன்பே மேலே கிளம்பிப் போனது, நாடாளுமன்றத்தில் கூச்சல் எழுந்தது. பிறகு 2024 டிசம்பரில் கொல்கத்தாவிலும் 2025 பிப்ரவரியில் சென்னையிலும் 'உடான் யாத்ரி கஃபே' திறந்து பத்து ரூபாய்க்கு டீ கொடுத்ததும் அதே அரசுதான். கிள்ளிய கை இப்போது தொட்டில் ஆட்டுகிறது. ஆனால் விமான நிலையத்துக்கு வெளியே, தெருவில் கடை போடுகிற அண்ணாச்சிக்கு ஆட்டத் தொட்டில் கிடையாது. கிள்ளு மட்டும் உண்டு.

முதல் கிள்ளு, தண்ணீர். லோஹேகாவ் 2017 அக்டோபரில் பதினோரு கிராமங்களில் ஒன்றாகப் புனே மாநகராட்சிக்குள் கொண்டுவரப்பட்டது. வரி உடனே வந்து சேர்ந்தது. 2021 தொடக்கத்தில் பாமா ஆஸ்கேட் அணைக் குடிநீர்த் திட்டத்தையும் ரிப்பன் வெட்டித் திறந்தார்கள். கிழக்குப் புனேயின் தாகம் தீர்ந்துவிட்டது என்று மேடையில் சொன்னார்கள். மேடையை விட்டு இறங்கி இந்தத் தெருவுக்கு வந்து பாருங்கள். மாவு அரைக்க, அரிசி கழுவ, பாத்திரம் தேய்க்க, எல்லாவற்றுக்கும் டேங்கர் லாரி. மார்ச் பிறந்துவிட்டால் டேங்கர்காரர் சொன்னதுதான் விலை, வந்ததுதான் நேரம். அறிக்கையில் 'தண்ணீர்' என்ற தலைப்புக்கு எதிரே மாநகராட்சிக் கட்டணம் என்று ஒரு சில்லறைத் தொகை இருந்தது. டேங்கர் என்ற சொல்லே 42 பக்கத்தில் இல்லை. எழுதினால் விகிதம் ஒன்றரையிலிருந்து கீழே இறங்கிவிடும்.

இரண்டாவது, வாடகை. அண்ணாச்சியின் கடன் ஐந்தாண்டுக்கு. கடையின் லீவ் அண்ட் லைசென்ஸ் ஒப்பந்தம் பதினோரு மாதத்துக்கு. பன்னிரண்டாம் மாதத்திலிருந்து அறுபதாம் மாதம் வரை எந்த இடத்தில் தோசை சுடுவார் என்று ஒரு வங்கி அதிகாரியாவது கேட்டிருக்க வேண்டாமா? கேட்கவில்லை. கூட்டம் வராவிட்டால் வாடகை கட்ட முடியாது. கூட்டம் வந்தால் வீட்டுக்காரர் வாடகையை ஏற்றுவார். இந்த ஊர் வாடகைக் கணக்கில் இரண்டே வழி, இரண்டும் வாசலுக்குத்தான் போகும்.

அந்த வாடகைக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வாடகை 60,000 என்றால் வரி 10,800. மற்ற வியாபாரிகள் இப்படிக் கட்டிய வரியைத் தங்கள் விற்பனை வரியில் கழித்துக்கொள்வார்கள். சாதாரண உணவகத்துக்கு 2017 நவம்பரிலிருந்து ஐந்து சதவீத வரி; உள்ளீட்டு வரியைக் கழிக்க முடியாது. "ஐந்து சதவீதம்தானே, மக்களுக்குச் சலுகை" என்று டெல்லியில் கைதட்டினார்கள். கடைக்காரன் வாங்குகிற ஃபிரிட்ஜ், அடுப்பு, வாடகை என்று ஒவ்வொன்றிலும் கட்டிய வரி அவன் வயிற்றுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. சலுகைக்கு விலை கொடுத்தவன் யார் என்று அறிக்கை சொல்லவில்லை.

மூன்றாவது, கேஸ். 19 கிலோ வணிக சிலிண்டரின் விலையை எண்ணெய் நிறுவனங்கள் மாதாமாதம் முதல் தேதியில் மாற்றுகின்றன. அறிக்கையோ ஐந்து வருஷத்துக்கும் ஒரே விலை போட்டு நிம்மதியாகத் தூங்குகிறது. போதாக்குறைக்குப் புனேயின் டிசம்பர். இரவில் பத்து டிகிரிக்குக் கீழே போகும் குளிரில் உளுந்து மாவு, வங்கி அதிகாரியைப் போல, எந்த அவசரத்துக்கும் எழும்பாது. அடுப்பருகே வைத்துப் போர்த்தி எழுப்ப வேண்டும். 365 நாளும் ஒரே உற்பத்தி என்று எழுதியவர் மாவு புளிக்கவைத்துப் பார்த்ததில்லை. பேப்பர் கப்புக்குக் குளிர் தெரியாதே.

நான்காவது, உணவு டெலிவரி செயலி. இது கிள்ளு அல்ல, கடி. அண்ணாச்சி 'ஆன்லைன் விற்பனை 40 சதவீதம்' என்று அறிக்கை சொன்னதை நம்பிச் செயலியில் சேர்ந்தார். ஒரு கணக்குப் போடுவோம். ஆர்டர் 200 ரூபாய். "தள்ளுபடி கொடுத்தால்தான் மேலே காட்டுவோம்" என்றதால் 40 ரூபாய் கடைக்காரர் தலையில். மிச்சம் 160. அதில் கமிஷன் 25 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 40. அந்தக் கமிஷனுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 7 ரூபாய் 20 காசு. பணப் பரிமாற்றக் கட்டணம் 3 ரூபாய் 20 காசு. டப்பா, பை, சட்னி வழியாமல் சுற்றும் பிளாஸ்டிக் எல்லாம் சேர்த்துப் பத்து ரூபாய். கையில் நிற்பது 99 ரூபாய் 60 காசு. இதிலிருந்து அரிசி, உளுந்து, எண்ணெய், கேஸ், டேங்கர், வாடகை, சம்பளம். மேலே வருவதற்கு விளம்பரக் கட்டணம் தனி.

சாப்பிடுகிறவருக்காவது லாபமா? சொமாட்டோ 2023 ஆகஸ்டில் ஒரு ஆர்டருக்கு இரண்டு ரூபாய் 'பிளாட்ஃபார்ம் கட்டணம்' என்று தொடங்கியது. 2024 அக்டோபரில் அது பத்து ரூபாய். பதினான்கு மாதத்தில் ஐந்து மடங்கு. இட்லி விலையை அண்ணாச்சி இரண்டு ரூபாய் ஏற்றியபோது "கொள்ளை" என்று ஒரு நட்சத்திரம் போட்ட அதே மகானுபாவர், இந்தப் பத்து ரூபாயைக் கண்ணில்கூடப் பார்க்கவில்லை. உணவக உரிமையாளர் சங்கத்தின் புகாரில் சொமாட்டோ, ஸ்விக்கி இரண்டின் மீதும் விசாரிக்கும்படி போட்டி ஆணையம் 2022 ஏப்ரலில் உத்தரவிட்டது. பெரிய சங்கத்தின் புகாரே ஆண்டுக்கணக்கில் நடந்தது. தெருக்கோடி இட்லிக்கடைக்காரர் எந்த ஆணையத்தில் போய் நிற்பார்? அவர் பேச வேண்டுமானால் செயலியில் ஒரு பொம்மை வந்து "உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்" என்று சொல்லும்.

ஐந்தாவது கிள்ளுக்குத் தமிழில் மாமூல், மராத்தியில் ஹப்தா. எந்த அறிக்கையிலும் இதற்குக் கட்டம் கிடையாது. இதைக் கட்டாத கடையும் எனக்குத் தெரிந்து கிடையாது. உணவு உரிமம், மாநகராட்சி உரிமம், போலீசின் ஈட்டிங் ஹவுஸ் உரிமம், தீயணைப்புத் தடையின்மைச் சான்று: ஒவ்வொரு சான்றும் மக்களைக் காப்பாற்றத்தான் பிறந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜன்னல், ஜன்னலுக்குப் பின்னால் ஒரு கை.

இதைச் சிரித்துவிட்டுப் போக முடியவில்லை. 2017 டிசம்பர் 29 நள்ளிரவு தாண்டியதும் மும்பை கமலா மில்ஸ் வளாகத்து மொட்டைமாடி உணவகத்தில் தீப்பிடித்துப் பதினான்கு பேர் செத்தார்கள். பெரும்பாலோர் கழிப்பறைக்குள் ஒதுங்கி, மூச்சுமுட்டி. அந்த இடத்துக்கும் திட்ட அறிக்கை இருந்திருக்கும். அதில் 'ஆம்பியன்ஸ்' என்று ஒரு பக்கமும் இருந்திருக்கும். வெளியே ஓட வழி எங்கே என்று எந்தப் பக்கம் கேட்டது? 2024 மே 19 அன்று, லோஹேகாவிலிருந்து அதிக தூரமில்லாத கல்யாணி நகரில், ஒரு போர்ஷே கார் இரண்டு இளம் பொறியாளர்களை அடித்துக் கொன்றது. அடுத்த சில நாளிலேயே புல்டோசர் வந்து மொட்டைமாடி பார்களையும் கட்டிடத்தின் ஓரக் காலியிடத்தில், அதாவது 'சைட் மார்ஜின்'இல், போட்ட கொட்டகைகளையும் இடித்தது. அதுவரை அவை சட்டவிரோதம் என்று யாருக்கும் தெரியாதாம். விபத்து காரால், இடித்தது கூரையை. பிணம் விழுந்தால்தான் இந்த ஊரில் விதிப் புத்தகம் திறக்கும். அதற்கு முன்னால் திறப்பது மேஜை டிராயர்.

சின்னவனுக்கு மட்டும் விதி எப்போதும் திறந்தே இருக்கிறது. 1937 விமான விதிகளின் 91ஆம் விதிப்படி, விமானதளத்தைச் சுற்றிப் பத்து கிலோமீட்டருக்குள் குப்பை கொட்டக் கூடாது. பருந்து வரும், விமானத்தில் மோதும். நியாயமான விதி, உயிர் காக்கும் விதி. அண்ணாச்சி வாழையிலையையும் மிச்சச் சோற்றையும் பிரித்துக் கட்டி வைப்பார். எடுக்க வேண்டிய வண்டி வராது. மூன்றாம் நாள் நாய் இழுத்துத் தெருவில் போடும். நான்காம் நாள் அபராதச் சீட்டோடு ஒருவர் வருவார். வண்டி வராத ஊரில் சீட்டு மட்டும் எப்படி நேரத்துக்கு வருகிறது?

அண்ணாச்சியையும் நான் விட்டுவைக்கப் போவதில்லை. 'ஆள் பலம்' என்ற பகுதியில் மாஸ்டர் இரண்டு, சப்ளையர் மூன்று, கிளீனர் ஒன்று என்று எழுதி, எதிரே ஒரு தொகை. அந்தத் தொகைக்கு இந்த ஊரில் அறை கிடைக்காது. அதனால் ஆறு பேரும் கடைக்கு மேலே பரணில், எண்ணெய் டின்னுக்கும் வெங்காய மூட்டைக்கும் நடுவே படுத்தார்கள். ஒடிசாவிலிருந்து வந்த கிளீனர் பையனுக்கு எட்டு மாதத்தில் விரலிடுக்கெல்லாம் சோப்புத்தண்ணீர் அரித்த புண். "எல்லாக் கடையிலயும் இப்படித்தான் தம்பி" என்றார் அண்ணாச்சி. நாடெங்கும் அநியாயத்துக்கு இதே ஒரு வரிதான் நியாயம். மேலே இருக்கிறவர்கள் அவரைக் கிள்ள, அவர் கீழே இருக்கிறவனைக் கிள்ளினார். லாபக் கோட்டை ஏற்ற அறிக்கை காட்டிய ஒரே நிஜமான வழி அது ஒன்றுதான்.

அப்படியானால் திட்டமே இல்லாமல் ஜெயித்தவர்கள் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள். புனே ஃபர்குசன் கல்லூரி சாலையில் 'மெட்ராஸ்' பெயரில் கடைகள் நடத்தி, பின்னர் அவற்றை ரூபாலி, வைஷாலி என்று ஊரே அறியும் பெயர்களாக்கிய ஜகன்னாத் ஷெட்டி, உடுப்பிப் பக்கத்துக்காரர். சிறுவயதிலேயே ஹோட்டல் வேலைக்கு வந்தவர். 2023 நவம்பரில் அவர் இறந்தபோது புனேயே அழுதது. அவர் வாசித்தது கல்லாவையும் சாப்பிடுகிறவர் முகத்தையும்தான். நம் ஊரில் சரவண பவன் ராஜகோபால். நெருப்போடு சேர்ந்த தொழில் செய் என்று ஜோசியர் சொன்னதால் 1981இல் சென்னை கே.கே. நகரில் உணவகம் தொடங்கினார். மட்டமான சரக்கு வாங்கு, சம்பளத்தைக் குறை என்று யோசனை சொன்னவரை அனுப்பிவிட்டு, நஷ்டத்திலும் நல்ல சாமான் போட்டு, ஊழியருக்கு வசதி செய்து மேலே வந்தவர். அதே ஜோசிய நம்பிக்கையில் இன்னொருவர் மனைவியை மணக்க ஆசைப்பட்டுக் கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றவரும் அவரே. 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஆக, குருட்டு நம்பிக்கையும் திட்டம் அல்ல. ஜோசியம் பலித்தது என்று அவரும், ப்ரொஜெக்‌ஷன் பலிக்கும் என்று அண்ணாச்சியும் நம்பியது ஒரே ரகம். ஒன்றில் கட்டம் பன்னிரண்டு, இன்னொன்றில் எக்செல் நிறையக் கட்டம்.

அண்ணாச்சி வாங்கியது முத்ரா கடன், சிறுதொழிலுக்குப் பிணை இல்லாமல் தருவது. 2015இல் பிரதமர் தொடங்கிவைத்தபோதே சொன்னது. அண்ணாச்சியிடமும் பிணை கேட்கவில்லை. "உங்க பென்ஷன் கணக்கை நம்ம கிளைக்கு மாத்திருங்க, ஒரு ஃபிக்ஸட் டெபாசிட்டும் போட்டு வைங்க, சும்மா ஒரு உறவுக்கு" என்று மட்டும் சொன்னார்கள். பதினோராவது மாதம் கடை மூடியது. உறவு இன்னும் தொடர்கிறது. மாதம் பிறந்தால் பென்ஷனில் தவணை போகிறது. கிரைண்டரும் தோசைக்கல்லும் எடைக்குப் போயின.

லோஹேகாவ், மராத்திப் பக்திக் கவி துக்காராம் மகராஜின் தாய்வழி ஊர். அவர் தேஹூவில் மளிகை வியாபாரி. பெரும் பஞ்சத்தில் கடை நொடித்துப்போனவர். பிறர் தனக்குத் தர வேண்டிய கடன் பத்திரங்களில் தன் பங்கை இந்திராயணி ஆற்றில் எறிந்தார் என்பது அவரைப் பற்றி மக்கள் சொல்லிவரும் வரலாறு. இந்த விமான நிலையத்துக்கு அவர் பெயரை வைக்கும் தீர்மானத்தை மகாராஷ்டிர அமைச்சரவை 2024 செப்டம்பரில் நிறைவேற்றியது. நொடித்துப்போன கடைக்காரனின் பெயரை ஓடுபாதைக்கு வைக்கத் தெரிந்த அரசுக்கு, நொடித்துப்போகிற கடைக்காரனின் தெருவுக்குத் தண்ணீர்க் குழாய் போடத் தெரியவில்லை.

கடை போடப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. யாரோ எழுதித்தந்த அறிக்கையில் கையெழுத்துப் போடாதீர்கள். டேங்கர், கமிஷன், மாமூல், மாஸ்டர் படுக்கிற இடம், தீப்பிடித்தால் ஓடுகிற வழி என்று ஐந்து கட்டத்தை உங்கள் கையாலேயே போட்டு நிரப்புங்கள். பிறகு, நீங்கள் பார்த்துவைத்திருக்கிற கடையில் உங்களுக்கு முன்னால் இருந்தவரைத் தேடிப் பிடித்து, ஏன் காலி செய்தார் என்று கேளுங்கள். அண்ணாச்சி இருந்த கடையில் இப்போது ஒரு பையன் மோமோ விற்கிறான். அந்தப் பையன் இதுவரை அண்ணாச்சியிடம் வந்து எதுவும் கேட்கவில்லை.